தேக்கா வரலாறு – 19: கப்பல் காசை யார் கொடுத்தது?

சென்ற வாரம் 1938 ஜூனில் நிறுத்தியிருந்தோம். மலாயாவில் முதலாளிமார் கூலியைக் குறைக்க முனைந்ததும், உதவி பெற்றுக் கப்பலேறும் தொழிலாளரை இனி அனுப்புவதில்லை என்று இந்திய அரசு கதவைச் சாத்தியது. அந்தத் தடைக்கு முந்திய முப்பது ஆண்டுகளில் நடைமுறையில் இருந்த ஓர் ஏற்பாட்டைப் பற்றி அப்போது வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிராங்கூன் சாலையில் நாம் பார்க்கும் இளைஞர்களின் கடன் கதையோடு சேர்த்துச் சொன்னால்தான் அதன் அருமை தெரியும்.

1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று இங்கே சட்டப்படி உருவானது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் மலாய்க் கூட்டரசு நாடுகளுக்கும் அது பொது. இந்தியத் தொழிலாளியை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு நிதிக்கு வரி கட்ட வேண்டும். தாமே ஆள் எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களுக்கு ஊரிலிருந்து வரும் ரயில் செலவு, முகாமில் சாப்பாடு, கப்பல் கட்டணம், ஆள் கூட்டி வந்த கங்காணிக்கான கூலி எல்லாம் அந்த நிதியிலிருந்தே போயின. கரையிறங்கும் தொழிலாளியின் தலையில் பயணக் கடன் கிடையாது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவர் வேலையை விட்டுப் போகலாம். ஒப்பந்தக் கூலி முறையும் 1910-ல் மலாயாவில் நிறுத்தப்பட்டது.

இதை இரக்கத்தில் பிறந்த சட்டம் என்று நினைக்க வேண்டாம். ஒரு தோட்டக்காரர் காசு போட்டுக் கூட்டி வந்த ஆட்களைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஆசை காட்டி இழுத்துக்கொண்டார். அந்தச் சண்டை தீராமல் போகவே, செலவை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வது என்று முதலாளிகள் முடிவுக்கு வந்தார்கள். பலன் மட்டும் தொழிலாளிக்கும் கிடைத்தது. இதே காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடனை ஒரு சீட்டில் எழுதி, அந்தக் கடனை அடைக்கும் துரைக்கே ஆளை மாற்றிவிடும் துண்டு முறை நடந்துகொண்டிருந்தது. அது 1921-ல்தான் ஒழிந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால், கடனில்லாமல் கரையிறங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

குறைகள் ஏராளம். கூலி சொற்பம், பெண்களுக்கு அதிலும் குறைவு. கங்காணியின் அதட்டலுக்கு மேல்முறையீடு கிடையாது. 1930-களின் மந்தத்தில் வேலை போனதும் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். சிங்கப்பூர் நகராட்சிக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்கு வந்தவர்களில் சொந்தக் காசில் டெக் டிக்கெட் எடுத்து வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த நிதியால் பயனில்லை. என்றாலும், கடல் தாண்டி வேலைக்கு வருகிறவனின் பயணச் செலவை வேலை கொடுப்பவனே ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த மண்ணில் ஒரு தலைமுறைக் காலம் சட்டமாக இருந்தது. நம் பாட்டன்மார் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவர்கள்.

அடுத்த நாற்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். போர், ஜப்பானியர் ஆட்சி, தொழிற்சங்கங்கள். 1953-ல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதியவர்களின் வரவைச் சுருக்கியது. 1965-ல் சிங்கப்பூர் தனி நாடானதும் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வந்தது. 1971-ல் பிரிட்டிஷ் படைத்தளம் மூடப்பட்டபோது, காலமெல்லாம் இங்கே உழைத்த முதியவர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். பிறகு வீடமைப்பு, விரைவு ரயில், கப்பல் பட்டறை என்று வேலை பெருகியது. மலேசியர்கள் மட்டும் போதவில்லை. 1980-களில் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, ராமநாதபுரம் இளைஞர்கள் மறுபடியும் வரத் தொடங்கினார்கள். இம்முறை விமானத்தில்.

1980-ல் வெளிநாட்டு ஊழியர் தீர்வை அறிமுகமானது. முதலில் கட்டுமானத் துறைக்கு, பிறகு மற்றத் துறைகளுக்கு. ஒவ்வொரு ஊழியருக்கும் மாதாமாதம் இவ்வளவு வெள்ளி என்று முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் உயர்திறன் ஊழியருக்கு மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளி. மலேசியர் அல்லாத ஊழியருக்கு 5,000 வெள்ளிப் பிணைத்தொகையும் உண்டு. 1907-ன் நிதிக்கும் இந்தத் தீர்வைக்கும் அடிப்படை ஒன்றுதான்: வெளியிலிருந்து ஆள் எடுக்கும் முதலாளி, தலைக்கு இவ்வளவு என்று கட்டுகிறார். அன்று கட்டிய பணம் தொழிலாளியின் பயணத்துக்குச் செலவானது. இன்று அது அரசாங்க வருவாயில் சேர்கிறது. வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதே தீர்வையின் நோக்கம் என்று அரசாங்கம் எப்போதும் சொல்லி வந்திருக்கிறது, மறைத்ததில்லை. ஆனால் கப்பல் காசு கைமாறிவிட்டது. அதைக் கொடுக்கும் பொறுப்பு, முதலாளியின் தோளிலிருந்து ஊழியனின் தோளுக்கு யாரும் விவாதிக்காமலே இறங்கிவிட்டது.

இங்கே வரும் பையன்கள் அதை ஏஜென்ட் காசு என்பார்கள். முதலில் தமிழ்நாட்டில் ஒரு பயிற்சி மையத்தில் சில மாதம் தங்கி, சிங்கப்பூர் கட்டட, கட்டுமான ஆணையம் ஏற்றுக்கொண்ட திறன் தேர்வில் தேற வேண்டும். ‘டெஸ்ட் அடிப்பது’ என்று அதற்குப் பெயர். அதற்கு ஒரு கட்டணம். பிறகு வேலை பிடித்துக் கொடுப்பவருக்கு, அவருக்கு மேலே இருப்பவருக்கு, இங்கே பெர்மிட் போடுபவருக்கு என்று படிப்படியாகப் பணம் போகும். எல்லாம் சேர்ந்து சில லட்சம் ரூபாயாகிவிடும். அம்மாவின் நகை அடகுக்குப் போகும். நிலப் பத்திரம் வட்டிக்காரரிடம் போகும். வந்து சேர்ந்தபின் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18, 20 வெள்ளி என்றுதான் பல ஆண்டுகள் இருந்தது. ஓ.டி. பார்த்தால்தான் வட்டி போக மீதி நிற்கும். முதல் ஓராண்டு, சில வேளை அதற்கும் மேல், அவன் உழைப்பது கடனுக்காகத்தான்.

தடுக்கச் சட்டம் இல்லையா? உண்டு. சிங்கப்பூர் வேலை முகவர் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் ஊழியரிடம் வாங்கலாம் என்பது 2011 முதல் விதி. இந்தியாவில் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம். ஆனால் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் எந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அரசின் அனுமதி பெற வேண்டுமோ அந்தப் பட்டியலில் மலேசியாவும் தாய்லாந்தும் இருக்கின்றன, சிங்கப்பூர் இல்லை. பணம் கைமாறுவது கிராமத்துத் திண்ணையில், ரசீது இல்லாமல். சிங்கப்பூர்ச் சட்டம் அங்கே எட்டாது. இந்தியச் சட்டம் சிங்கப்பூருக்குப் போகிறவனைக் கண்காணிக்காது. இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கும் நடுவில் விழுந்த பள்ளம் இது.

கடன்காரனால் என்ன செய்ய முடியாது என்பதுதான் முக்கியம். சம்பளம் தாமதமானால் அவன் கேட்கமாட்டான். கையில் அடிபட்டால் முதலாளி சொல்லும் மருந்தோடு திருப்திப்படுவான். பெர்மிட்டை முதலாளி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ரத்தானால் ஊருக்கு விமானம், வாசலில் வட்டிக்காரர். புகார் கொடுத்தவர்கள் நிலை என்ன ஆகும் என்பதை ரோவல் சாலைப் பக்கம் பார்க்கலாம். டிடபிள்யூசி2 என்ற ஊழியர் நல அமைப்பு கஃப் ரோட் திட்டம் என்ற பெயரில் 2008 முதல் இலவசச் சாப்பாடு போட்டு வருகிறது. காயத்துக்கான இழப்பீட்டுக்கோ சம்பளப் பாக்கிக்கோ வழக்கு நடக்கும் வரை ஸ்பெஷல் பாஸில் தங்கியிருப்பவர்கள் அங்கே வருவார்கள். பெரும்பாலோருக்கு அந்தச் சீட்டில் வேலை செய்ய அனுமதி இல்லை. கை வீங்கிக் கட்டுப்போட்டு நின்ற ஊர்ப் பையன்களை அங்கே பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

இந்தக் கடனை உலகம் எப்படிப் பார்த்தது என்று அறிய, இப்போது நியூயார்க்குக்குப் போவோம்.

2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த புத்தாயிரத்தாண்டு இலக்குகள் எட்டு. வறுமை, பள்ளி, தாய்-சேய் நலம், குடிநீர் எல்லாம் இருந்தன. ஊர்விட்டு ஊர் போய் உழைப்பவனைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. அவன் அனுப்பும் பணத்தால் எத்தனையோ குடும்பங்கள் வறுமைக் கோட்டைத் தாண்டின. அந்தக் கணக்கு இலக்கில் சேர்ந்தது, ஆள் சேரவில்லை. இலக்குகளின் காலம் 2015-ல் முடிவதால், அடுத்த பட்டியலிலாவது அவனைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2013 அக்டோபர் 3, 4 தேதிகளில் குடிபெயர்வும் வளர்ச்சியும் பற்றிய உயர்நிலைக் கூட்டம் ஐ.நா.வில் நடந்தது. பான் கி மூன் எட்டு அம்சத் திட்டம் ஒன்றை முன்வைத்தார்; குடியேறிகளின் மனித உரிமைதான் அதில் முதல் அம்சம். அவருடைய சிறப்புத் தூதர் பீட்டர் சதர்லாந்து அடுத்த இரண்டு ஆண்டுகள் இதற்காகவே அரசுகளிடம் வாதாடினார். குடியேறிகளின் மனித உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிரான்சுவா கிரேப்போ, 2014-ல் பொதுச் சபைக்குக் கொடுத்த அறிக்கையை முழுக்க இந்தப் பொருளுக்கே ஒதுக்கினார். ஆள்சேர்ப்புக் கட்டணம், கண்ணியமான வேலை, நீதி பெறும் வழி ஆகியவற்றை அளக்கத்தக்க இலக்குகளாக்குங்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

மீண்டும் தேக்கா. நியூயார்க் கூட்டம் முடிந்து ஒன்பது வாரம். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பதரை மணியளவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், விடுதிக்குத் திரும்பும் ஊழியர்களை ஏற்றிய தனியார் பேருந்து ஒன்றின் சக்கரத்தில் 33 வயதுக் கட்டுமான ஊழியர் ஒருவர் சிக்கி இறந்தார். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். அவரை வெளியே எடுப்பதற்குள் கூட்டம் கொந்தளித்தது. போலீஸ் வாகனங்களும் ஆம்புலன்சும் எரிந்தன. சேதமான வாகனங்கள் 20-க்கும் மேல். அதிகாரிகள் பலர் காயமடைந்தார்கள். 1969-க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட முதல் கலவரம். 25 பேர் மீது குற்றச்சாட்டு, 57 பேர் நாடு கடத்தப்பட்டனர். எரிந்த வாகனத்தையும் அடிபட்ட அதிகாரியையும் நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. அன்றிரவு காயம்பட்டவரை எடுக்க வந்த மருத்துவ உதவியாளர்கள் மேல் கல் விழுந்தது தவறுதான்.

ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 2014 பிப்ரவரியில் பகிரங்க விசாரணை தொடங்கி ஜூனில் அறிக்கை வந்தது. விபத்தும், மீட்புப் பணியைக் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதும், மதுவும்தான் காரணங்கள் என்றது குழு. வேலை, தங்குமிட நிலைமைகளில் இருந்த அதிருப்தி கலவரத்துக்குக் காரணமல்ல என்றும் சொன்னது. அந்த இரவைப் பற்றிய முடிவாக அதை ஏற்கலாம். ஆனால் சாட்சி சொன்ன ஊழியர் பலர் தங்கள் வேலையில் மனநிறைவு தெரிவித்தார்கள் என்பதை, ஏஜென்ட் காசை மறந்துவிட்டு நான் படிக்கத் தயாரில்லை. பெர்மிட் நாளைக்கே ரத்தாகலாம் என்ற நிலையில் இருப்பவன் மன்றத்தில் நின்று என்ன குறை சொல்வான்?

பின்விளைவுகள் உடனே வந்தன. தேக்காவில் பொது ஒழுங்குக்கான தற்காலிகச் சட்டம் 2014-ல். இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் மது கூடாது என்ற நாடு தழுவிய சட்டம் 2015 ஏப்ரலில். லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் அதில் தனிக் கட்டுப்பாட்டு மண்டலங்கள். 1,000 பேரோ அதற்கு மேலோ தங்கும் விடுதிகளை உரிமத்துக்குக் கீழ்க் கொண்டுவரும் சட்டமும் 2015-ல் நிறைவேறி 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. இது நல்ல சட்டம், வரவேற்க வேண்டியது. ஆள்சேர்ப்புக் கடனைத் தொடும் சட்டம் மட்டும் இந்த வரிசையில் இல்லை.

2015 செப்டம்பர் 25-ல் நீடித்த வளர்ச்சி இலக்குகளை உலக நாடுகள் ஏற்றன. இலக்குகள் 17, உட்கூறுகள் 169. வெளிநாட்டு ஊழியன் கடைசியில் உள்ளே வந்துவிட்டான். 8.8-வது கூறு, குடியேறிய தொழிலாளர் உட்பட அனைவரின் தொழிலாளர் உரிமையையும் பாதுகாப்பான பணியிடத்தையும் கோருகிறது. பெண்களைத் தனியே குறிப்பிடுகிறது. 10.7 ஒழுங்கான, பாதுகாப்பான குடிபெயர்வு பற்றியது. 10.சி, ஊருக்குப் பணம் அனுப்பும் செலவை 2030-க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது. 10.7-க்கு அளவுகோலாக ஐ.நா. புள்ளியியலாளர்கள் முதலில் வைத்தது, வேலைக்கு வர ஊழியர் கொடுத்த செலவு அங்கே அவர் வாங்கும் சம்பளத்தில் எவ்வளவு பங்கு என்பதை. ஏஜென்ட் காசு உலக அளவுகோலாகிவிட்டது! 1907-ல் முதலாளிகளின் சண்டையால் தற்செயலாகத் தீர்ந்த பிரச்சினையை, நூறாண்டு கழித்து உலகம் பெயர் சொல்லி எழுதி வைத்தது. கிரேப்போவும் சதர்லாந்தும் கேட்டது முழுதும் கிடைக்கவில்லை, கிடைத்தது சிறிதல்ல.

எழுதி வைத்ததில் எது வேகமாக நகர்ந்தது என்று பார்த்தால் மனம் வலிக்கிறது. பணம் அனுப்பும் கூறு நகர்ந்தது. 2023 பிப்ரவரி 21-ல் சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்டன. இரு நாட்டுப் பிரதமர்களும் தொடங்கி வைத்தார்கள். கைத்தொலைபேசியிலிருந்து ஊருக்கு நொடியில் பணம் போகும் வழி திறந்தது. சிராங்கூன் சாலைப் பணமாற்றுக் கடை வரிசையில் நின்றவர்களுக்கும், அங்கீகாரமில்லாத உண்டியல்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பயந்திருந்தவர்களுக்கும் இது பெரிய நிம்மதி. இரண்டு அரசுகள் மனம் வைத்தால் எல்லை தாண்டி எவ்வளவு நுட்பமான ஏற்பாட்டையும் செய்ய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. அவன் அனுப்பும் பணத்தைப் பின்தொடரத் தெரிந்த அரசுகளுக்கு, அவனிடமிருந்து பிடுங்கப்படும் பணத்தைப் பின்தொடர மட்டும் ஏன் முடியவில்லை?

உரிமை பற்றிய ஒப்பந்தங்களில் நடை மெதுவு. குடியேறிய தொழிலாளர் உரிமைக்கான 1990-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் சிங்கப்பூரும் இல்லை, இந்தியாவும் இல்லை. இலங்கையும் வங்காளதேசமும் சேர்ந்திருக்கின்றன. அனுப்பும் நாடான இந்தியா விலகி நிற்பதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. 2018 டிசம்பரில் பாதுகாப்பான குடிபெயர்வுக்கான உலக உடன்பாடு ஐ.நா. பொதுச் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 152 நாடுகள் ஆதரித்தன. நடுநிலை வகித்த 12-ல் சிங்கப்பூரும் ஒன்று. இனப் பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கையை 2017-ல் சிங்கப்பூர் உறுதிப்படுத்தியதையும் நியாயமாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில் வேலைக் கோரிக்கை நடுவர் மன்றங்கள் தொடங்கின. சம்பளப் பாக்கிக்கு வழக்காட எளிய வழி பிறந்தது. பெர்மிட் காலம் முடியும் தறுவாயில் முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாறக் கட்டுமான ஊழியருக்கு வழி கிடைத்தது.

பிறகு 2020, கொவிட் பெருந்தொற்று. ஏப்ரல் 5-ல் பொங்கோல் எஸ்11 விடுதியும் தோ குவான் வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்டன. சில நாட்களில் எல்லா விடுதிகளும். விடுதிகளில் இருந்தவர்கள் சுமார் 3,23,000 பேர். ஓர் அறையில் 12 முதல் 20 பேர். அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கமே வெளியிட்ட கணக்குப்படி, அவர்களில் 47 விழுக்காட்டினருக்குக் கிருமி தொற்றியிருந்தது. சிங்கப்பூர் மருத்துவம் அவர்களைக் கைவிடவில்லை. உயிரிழப்பு மிகக் குறைவு. ஆனால் நகரின் மற்றவர்கள் வெளியே நடமாடத் தொடங்கி வெகு காலத்துக்குப் பிறகும் அவர்கள் வேலைக்கும் விடுதிக்கும் இடையில்தான் இருந்தார்கள். தேக்காவைப் பார்க்க அவர்களுக்கு அனுமதி திரும்பியதே 2021 செப்டம்பரில்தான். அதுவும் வாரத்துக்கு 500 பேர் என்ற சோதனை முயற்சியாக. பிறகு 2022 ஜூனில் ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கு 80,000 அனுமதிச் சீட்டு.

கிருமி செய்த ஒரு நன்மை, விடுதியைக் குடிமக்கள் கண்ணில் காட்டியது. 2021-ல் புதிய தரநிலை வந்தது: அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. பழைய விடுதிகள் இடைக்காலத் தரத்தை 2030-க்குள் எட்ட வேண்டும். முழுத் தரத்துக்கு 2040 வரை அவகாசம். ஏழு கட்டில்களும் அதற்கு மேலும் உள்ள எல்லா விடுதிகளும் 2023 ஏப்ரல் முதல் உரிமச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

கட்டிலுக்கு அளவு வந்துவிட்டது. கடனுக்கு வரவில்லை. முகவர் கட்டணத்தை ஊழியரிடம் வாங்கவே கூடாது என்கிறது அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை. சிங்கப்பூரும் இந்தியாவும் அதை உறுதிப்படுத்தவில்லை. உறுதிப்படுத்தும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாதம் 500 வெள்ளி என்றே வைத்துக்கொண்டாலும், ஓர் ஊழியருக்காக ஈராண்டில் கட்டப்படும் தீர்வை 12,000 வெள்ளி. அதில் ஒரு பகுதியை ஆள்சேர்ப்புச் செலவுக்கு ஒதுக்கினால் ஊழியன் கடனில்லாமல் வந்திறங்கலாம். அந்தப் பக்கத்தில் ஆள் எடுத்து அனுப்பத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. கிராமத்து ஏஜென்ட்டின் இடத்தை அது பிடிக்க வேண்டும். டெஸ்ட் மையக் கட்டணத்தை ரசீதோடு வாங்க வைக்கவும், சிங்கப்பூருக்குப் போகிறவர்களைக் குடிபெயர்வுப் பாதுகாப்புக்குள் கொண்டுவரவும் டெல்லிக்கு ஓர் ஆணை போதும். நாகப்பட்டினம் முகாமில் கைரேகை வைத்துக் கப்பலேறிய எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்கு 1907-ன் சட்டம் செய்ததை, திறன் தேர்வில் தேறிவரும் அவர் பேரனுக்கு இன்று செய்யப் பணமும் இருக்கிறது, அமைப்பும் இருக்கிறது.

அடுத்த வாரம்: லாரியின் பின்தட்டில் ஊழியர்களை ஏற்றிச் செல்வது பற்றிச் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதங்கள்.